மூன்றாம் தொட்டி

குலசேகரன் சாருக்கு எண்ணத் தெரியாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. தாவரவியல் துறைத் தலைவர், இருபத்தேழு பேருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், பதினாறு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததில்லை. அவருக்காக நாங்கள் எண்ணினோம். நாங்கள் சொல்லும் எண்ணைக் கட்டுரையில் போட்டுக்கொள்வார். எங்கள் பேரைப் போடுவதா வேண்டாமா என்று அப்புறம் யோசிப்பார்.

என் விஷயத்தில் வேண்டாம் என்று யோசித்தார். அதற்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் விளங்காது. தாவரப் பதிவுச் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு பூச்செடியைப் புதிய இனம் என்று முதலில் நிரூபித்துப் பதிவு செய்பவருக்கு அந்த இனம் முப்பது வருஷத்துக்குச் சொந்தம். தொட்டியில் நிற்கும் ஒரு செடி மட்டும் இல்லை, இனம் முழுக்க. எந்தக் காட்டில், எவர் கொல்லையில் முளைத்தாலும் அவருடையது. நிரூபிக்க இரண்டு வேண்டும். ஒன்று வெளித்தோற்றம்: இலை, பூ, காய், மேலே உள்ள மயிர்வரைக்கும். மற்றது உள்ளே: செல்லுக்குள் குரோமோசோம் எத்தனை, அவை என்ன வடிவம்.

வெளித்தோற்றம் பொருந்தினால் வனக்காவலர் ஆளைப் பிடிக்கலாம். அவர் கையில் சின்னக் கருவி ஒன்று இருக்கும். செடிமேல் காட்டினால் பச்சையோ சிவப்போ எரியும். குரோமோசோமும் பொருந்தினால்தான் தண்டிக்கலாம். அதைப் பார்க்கும் பெரிய இயந்திரம் ஒன்பது நிமிஷத்தில் முடிவு சொல்லிவிடும், ஆனால் மாநிலத்திலேயே ஆறுதான் இருக்கின்றன. வரிசை மூன்று மாதம். அதுவரை பிடிபட்டவர் ஜெயிலில் இருக்க வேண்டும்.

உருவத்தைப் பார்த்துப் பிடிப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மூன்று மாதம் எடுத்துக்கொள்வது. எங்கள் ஆட்களுக்கு இது புதிதே இல்லை. இதற்குச் சட்டம் போட்டு நம்பர் கொடுத்ததுதான் புதிது.

நான் கல்வராயன் மலைக்காரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் வருஷத்தில் ஒன்பது மாதம் குடகுக் காப்பித் தோட்டத்தில் கிடந்தார்கள். சோறு போட்டு வளர்த்தது அம்மாவின் தங்கை வெள்ளச்சி சின்னம்மா. அந்தச் சோற்றில் பாதி நாள் அரிசி இருக்காது. கூண்டுக்கொடியின் கிழங்கு இருக்கும்.

கூண்டுக்கொடி பாறை இடுக்கில் ஏறும். அதன் பூவில் ஐந்து இதழ்களும் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கம்பி வைத்த கூண்டு மாதிரி நிற்கும். உள்ளே போன கொசுப்பூச்சி ஒரு நாள் கழித்துத்தான் வெளியே வரும். ஐப்பசி தொடங்கி மாசிவரைக்கும் கிழங்கு தோண்டுவோம். உப்புப் போட்டு அவித்த கிழங்கு இரண்டு தின்றால் அன்று முழுக்கப் பசிக்காது. ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு எல்லாப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன். இந்தக் கொடி எதிலும் இல்லை.

செப்டம்பரில் மலைக்குப் போய் வேர்நுனி எடுத்தேன். வேர் எடுத்த கணமே அதை அமிலமும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போட்டுவிட வேண்டும், அப்போதுதான் பிரிந்துகொண்டிருக்கும் செல் அப்படியே நிற்கும். பிறகு சாயமேற்றி, கண்ணாடியில் நசுக்கிப் பார்த்தால் குரோமோசோம்களை எண்ணலாம். முப்பது செல்களில் எண்ணினேன். முப்பதிலும் இருபத்திரண்டு.

குலசேகரன் சாரிடம் கொண்டுபோனேன்.

“வேர் எங்கே எடுத்தே?” என்றார்.

“மலைல, சார். கொடி நின்ன எடத்துலயே.”

“அந்தத் திரவத்தை பஸ்ல எப்படிம்மா கொண்டு போனே? ஏத்த மாட்டானே.”

“டிபன் கேரியர்ல அடி அடுக்குல வச்சிட்டேன், சார். மேல அடுக்குல சாதம். கண்டக்டர் மோந்து பாத்துட்டு ஊறுகாயான்னு கேட்டாரு, ஆமான்னுட்டேன்.”

துறையே கூடிச் சிரித்தது. காரணம் இருக்கிறது. எங்கள் துறையில் யாரும் மலையில் வேர் எடுப்பதில்லை. செடியைப் பிடுங்கி வந்து கல்லூரித் தோட்டத்தில் தொட்டியில் வைப்பார்கள். வெயில் ஏறிய பிறகு சாவகாசமாக வேரைக் கிள்ளி, லேபிளில் மலையின் பேரை எழுதிவிடுவார்கள். இருபத்தேழு டாக்டர் பட்டமும் தொட்டி வேரில்தான் வந்தது. அது தப்பு என்று எவருக்கும் தோன்றியதில்லை. செடி ஒன்றுதானே.

என்னையும் கிழங்கும் விதையும் கொண்டுவரச் சொன்னார். ஆறு தொட்டி வைத்தோம். இரண்டே வாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனி வந்தது. பசியை அடக்கும் மாத்திரை செய்ய அந்தக் கிழங்கு வேண்டுமாம். சாப்பாடு அதிகமாகி அவதிப்படுபவர்களுக்கு. சாப்பாடே இல்லாமல் நாங்கள் தின்ற கிழங்கு.

பிப்ரவரியில் சார் கூப்பிட்டார். பக்கத்தில் ஹரீஷ் உட்கார்ந்திருந்தான். அவருடைய தங்கை மகன், துறையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“மாதேஸ்வரி, உன் எண்ணிக்கை தப்பும்மா. ஹரீஷ் பார்த்துட்டான். நாப்பத்தி நாலு.”

“இல்ல சார், இருபத்திரண்டுதான். முப்பது செல்லுல எண்ணிருக்கேன்.”

“பாதியை விட்டிருக்கே. எண்ணத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். இந்த நாப்பத்தி நாலுலதாம்மா விஷயமே இருக்கு. இதோட சொந்தக்காரக் கொடிக்கெல்லாம் இருபத்திரண்டு. இது ரெண்டு மடங்கு. இதைவிட என்ன வேணும் புது இனம்னு சொல்ல?” என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். “இன்னொண்ணு. பதிவுல உன் பேர் வராது. கண்டுபிடிச்சவங்கள்ல உள்ளூர்க்காரர் ஒருத்தர் இருந்தா ஊருக்குப் பங்கு தரணும்னு சட்டத்துல இருக்கு. கம்பெனி வக்கீல் ஒத்துக்க மாட்டேங்கறார். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே. வேற செடி எடு. ரோட்டோரத்துல எவ்வளவு கெடக்கு!”

என் கண்ணாடித் துண்டுகளைக் குப்பைத் தட்டில் போட்டார். அவர்கள் கிளம்பிய பிறகு பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டேன். மார்ச் பத்தாம் தேதி பதிவு ஆனது. கொடிக்கு அவர் அப்பாவின் பேரை லத்தீனாக வளைத்து வைத்தார். துறையில் மைசூர்பாகு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கித் தின்றேன்.

துறையை விட்டுப் போயிருக்கலாம். போனால் அவர்களுக்குச் சவுகரியம். இருந்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், ஒரு மாதம் என்மீதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னார், நானும் அவ்வளவு சுலபமாக நம்பத் தொடங்கினேன். குப்பையிலிருந்து எடுத்ததைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். இருபத்திரண்டு. ஹரீஷ் எண்ணியதையும் அவன் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்து நான்கு. அவனும் சரியாகத்தான் எண்ணியிருந்தான். அதுதான் பைத்தியம் பிடிக்க வைத்தது.

வைகாசியில் ஒரு நாள் தோட்டக்காரர் பச்சமுத்து அண்ணன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் தொட்டியில் மட்டும் இலை தடிப்பாக, பூ மற்றதைப் போல ஒன்றரை மடங்காக இருந்தது.

“இது என்னண்ணே, இதுக்கு மட்டும் பிரியாணி போடறீங்களா?”

“அது மருந்து குடிச்ச செடியாச்சே பாப்பா. தெம்பா இருக்காதா பின்ன?”

“என்ன மருந்து?”

“கண்வலிக்கிழங்கு வெதைல எடுக்கறாங்களே, அந்த மருந்துதான். கல்யாணமாயி அமெரிக்கா போச்சே ஒரு பாப்பா, அது போறதுக்கு முன்னால கலக்கிக் குடுத்துச்சு. கம்பெனிக்காரங்களுக்குப் பெரிய பெரிய கெழங்கா வேணுமாம், சார் செய்யச் சொன்னாராம். ஆறு வெதைய ரெண்டு நாள் ஊறப் போட்டன். அஞ்சு செத்துப்போச்சு. ஒண்ணு தப்பிச்சுது. இந்தத் தொட்டிக் கெழங்கு அழுகிப்போயிருந்துச்சு, அத எடுத்துட்டு இதுல வச்சன். இதான் அது.”

“சாருக்குத் தெரியுமா, இதுதான் அதுன்னு?”

“சீட்டு எழுதிக் குத்தியிருந்துச்சு, மழைல கரைஞ்சுபோச்சு. அவரு எங்க தோட்டத்துக்கு வர்றாரு! அந்த ஹரீஷ் தம்பி வந்துச்சு. எதுல வேர் நல்லா தடியா இருக்குன்னு கேட்டுச்சு. இத காட்டுனன்.”

நான் சிரிக்க ஆரம்பித்தேன். பச்சமுத்து அண்ணன் பயந்துபோய்க் குழாயை மூடிவிட்டார்.

“என்ன பாப்பா, தப்பா எதுனா செஞ்சிட்டனா?”

“நீங்க ஒண்ணும் செய்யலண்ணே. அந்த மருந்து என்ன பண்ணும்னா, செல்லு ரெண்டாப் பிரியறதுக்காக உள்ள எல்லாத்தையும் ரெட்டிப்பாக்கி வச்சிருக்கும் இல்ல, அந்த நேரம் பாத்துப் பிரிய விடாமத் தடுத்துரும். ரெட்டிப்பானது ரெட்டிப்பாவே நின்னுரும். இருபத்திரண்டு நாப்பத்தி நாலாயிரும்.”

“அப்ப மலைல இருக்கறதுல?”

“இருபத்திரண்டுதான். எப்பவும் இருபத்திரண்டுதான்.”

குலசேகரன் சார் பதிவு செய்த இனம் மலையில் எங்குமே இல்லை. உலகத்தில் அது இருந்த இடம் ஒன்றே ஒன்று: பச்சமுத்து அண்ணனின் குழாய்க்குப் பக்கத்தில், மூன்றாம் தொட்டி.

அன்று சட்டப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். என்னை மாதிரி ஆட்கள் எதையும் கடைசிப் பக்கம்வரை படிப்போம்; நடுவில் எங்கே ஆப்பு வைத்திருப்பார்கள் என்று தெரியாது. பதிவு செய்தவர் ஓராண்டுக்குள் விவரங்களைத் திருத்திக்கொள்ளலாம். ஓராண்டு முடிந்துவிட்டால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எழுதியது எழுதியதுதான்.

இப்போதே போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? “நல்ல வேளைம்மா” என்பார். நாற்பத்து நான்கை அடித்துவிட்டு இருபத்திரண்டு என்று எழுதுவார், வேறு இரண்டு வித்தியாசங்களைக் காட்டிப் புது இனம்தான் என்பார். இருக்கவும் இருக்கின்றன, நானே எழுதிக் கொடுத்தவை. முப்பது வருஷத்துக்கு எங்கள் மலை அவர் கையில். மார்ச் ஒன்பது மாலை ஐந்து மணிவரை நான் வாயைத் திறக்கக் கூடாது.

ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டு அந்தத் துறையில் கண்ணாடி கழுவினேன். ஒவ்வொரு நாளும் “குட்மார்னிங் சார்” சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை.

தை மாதம் மூன்றாம் நாள், ஜனவரி பதினேழு, வெள்ளச்சி சின்னம்மாவைப் பிடித்தார்கள். கூடையில் நாலு கிலோ கிழங்கு.

எங்கள் கல்லூரி இருக்கும் அதே சேலத்தில், பெண்கள் ஜெயிலில் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“பொங்கலுக்கு வரேன் வரேன்னு ஏமாத்துனல்லடி? பாரு, நானே உங்கூருக்கு வந்துட்டன்.”

“சின்னம்மா, சாப்பிட்டியா?”

“போடறான், போடறான். கெழங்கு தோண்டுனா குத்தம்னு புடிச்சாந்து மூணு வேள சோறு போடறான். என்னா கணக்கோ.” வலையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். “கருப்பா ஒரு பொட்டிய கெழங்குக் கொடி மேல காட்டுனான்டி. செவப்பா எரிஞ்சிச்சு. எம்மேல காட்டியிருந்தாலும் எரிஞ்சிருக்கும், அவன் மூஞ்சி அப்புடி இருந்துச்சு. எப்ப உடுவாங்க?”

ஐம்பத்தொரு நாள் இருந்தது. மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

“கொஞ்ச நாளாகும், சின்னம்மா.”

“நீதான் படிச்சிருக்கியே, பாத்துச் செய்யி” என்றாள்.

இலவசச் சட்ட உதவியில் ஜெசிந்தா என்ற வழக்கறிஞரைக் கொடுத்திருந்தார்கள். நல்ல பெண். இரண்டாம் நாளே வழி கண்டுபிடித்துவிட்டார்.

“அவசர வரிசைன்னு ஒண்ணு இருக்குங்க. பத்து நாள்ல மெஷின்ல பாத்துருவாங்க. சொந்தக்காரங்க யாராவது மலையிலிருந்து ஒப்பிட்டுப் பாக்க ஒரு செடி வேரோட கொண்டு வந்து கொடுக்கணும், அவ்வளவுதான். நீங்களே இந்தச் செடி படிக்கிறவங்க. எப்ப கொண்டு வரீங்க?”

பத்து நாளில் இயந்திரம் இருபத்திரண்டு என்று சொல்லும். சின்னம்மா வெளியே வருவாள். அதே நாளில் குலசேகரன் சாருக்கும் தகவல் போகும். திருத்த அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்.

“அடுத்த வாரம் கொண்டு வரேன், மேடம்” என்றேன்.

அடுத்த வாரம் மலைப்பாதையில் மரம் விழுந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த வாரம் காவலர்கள் விடவில்லை என்றேன். மூன்றாவது வாரம் அவர் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் சார் வராந்தாவில் நிறுத்தினார்.

“உங்க ஊர்ல யாரோ பிடிபட்டாங்களாமே. தெரிஞ்சவங்களா?”

“என் சின்னம்மா, சார்.”

“அடடா. படிச்சவ நீ, எடுத்துச் சொல்லக் கூடாதாம்மா? காட்டுல கண்டதையும் தோண்டக் கூடாதுன்னு?”

“சொல்றேன், சார்.”

முப்பத்தெட்டு நாள் இருந்தது. காத்திருப்பது சரிதானா என்று எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் அந்த வராந்தாவிலேயே போய்விட்டது.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி சின்னம்மா ஜெயில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தகவல் எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. போய்ப் பார்த்தபோது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

“ஒண்ணுமில்லடி, பாசி. கைய ஊனிட்டன்.”

“விரலை மடக்கு பாப்போம்.”

மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் அசையவில்லை. “கோணலாக் கட்டிட்டாங்களோ என்னமோ. வலி ஒண்ணுமில்ல. என்னா, கம்பி புடிச்சுத் தோண்ட முடியாது போல.” பிறகு அவளே என்னைச் சமாதானப்படுத்தினாள். “நீ ஏன்டி மொகத்த இப்புடி வச்சிருக்க? நீயா தள்ளி உட்ட?”

பதினைந்து நாள் இருந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஜெசிந்தா மேடத்தின் நம்பரை எடுத்தேன். அன்றே சொல்லியிருந்தால் வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் கட்டியிருக்கலாம். கை பிழைத்திருக்கும். ஆனால் பேசினால் அவர் முதலில் கேட்பது செடி எங்கே என்பதாகத்தான் இருக்கும். நம்பரைப் பார்த்துக்கொண்டு இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவது பஸ்ஸில் ஏறி மலைக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனேன்.

மார்ச் பத்தாம் தேதி காலை பதிவு அலுவலகக் கதவு திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். மறுப்பு மனு ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: ‘மனுதாரர் சரியெனக் கருதும் இன விவரம்.’ இலை, பூ, மயிர், காய் எல்லாம் எழுதினேன். குரோமோசோம் இருபத்திரண்டு, அதில் ஒரு ஜோடி மட்டும் மற்றதைவிட நீளம். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் ஆறாம் தேதி சேலத்தில் விசாரணை. அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் குலசேகரன் சார், ஹரீஷ், கம்பெனி வக்கீல். மறுபக்கம் நானும் பச்சமுத்து அண்ணனும். பின்வரிசையில் இரண்டு பெண் போலீசுக்கு நடுவில் சின்னம்மா, பக்கத்தில் ஜெசிந்தா மேடம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நடுவில் இயந்திரம், பெரிய இரும்பு பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி.

முதலில் மூன்றாம் தொட்டியின் வேரை வைத்தார்கள். ஒன்பது நிமிஷம். நாற்பத்து நான்கு.

“நான்தான் சொன்னேனே, மேடம்” என்றார் சார்.

அடுத்து சின்னம்மாவின் கூடையில் பிடித்த கிழங்கை முளைக்க வைத்து எடுத்த வேர். அந்த ஒன்பது நிமிஷத்தில் சார் கம்பெனி வக்கீலிடம் பேரப்பிள்ளையின் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு என்று விழுந்ததும் பேச்சு நின்றது.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டார்கள். மலையிலிருந்து நான் கொண்டுவந்த வேறு ஐந்து செடிகளையும் போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆனது. எல்லாம் இருபத்திரண்டு.

பச்சமுத்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். விதை, மருந்து, அமெரிக்கா போன பாப்பா, மழையில் கரைந்த சீட்டு, எல்லாவற்றையும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

“இதை நீங்க இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“சொன்னனுங்க. போன வைகாசிலயே இந்தப் பாப்பாகிட்ட சொல்லிட்டன்.”

பின்வரிசைப் பக்கம் நான் திரும்பவில்லை.

குலசேகரன் சார் எழுந்தார். “மேடம், இது ஒரு சின்னத் தவறு. எண்ணை மட்டும் திருத்திக்கறோம்.”

“திருத்தியிருக்கலாம், புரொஃபசர். போன மாசம் ஒன்பதாம் தேதி அஞ்சு மணிவரைக்கும்.”

சார் என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, கண்ணாடியில் நசுக்கி வைத்த பொருளைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தார். “நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“எனக்குத்தான் எண்ணத் தெரியாதே, சார்.”

அதிகாரி தீர்ப்பை வாசித்தார். குலசேகரன் பதிவு செய்த இனம் ரத்தாகவில்லை. நாற்பத்து நான்கு குரோமோசோம் கொண்ட, அவர் அப்பாவின் பேர் கொண்ட அந்த இனம் இன்னும் இருபத்தொன்பது வருஷத்துக்கு அவருடையது. அது தற்போது ஒரே ஒரு தொட்டியில் காணப்படுகிறது. மலையில் உள்ளது வேறு. சாரின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. அதை நான் ரசித்துப் பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன்.

“அப்போ மலைல இருக்கற கொடி?” என்று கேட்டது கம்பெனி வக்கீல்.

“அதுக்குச் சரியான விவரம் கொடுத்து மனு வந்திருக்கு. பத்தொன்பதாம் பிரிவுப்படி மறுப்பு மனுவே முதல் பதிவு.” கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். “உரிமையாளர், ச. மாதேஸ்வரி. முப்பது வருஷம்.”

அந்தக் கட்டத்தை நிரப்பும்போது பத்தொன்பதாம் பிரிவு எனக்குத் தெரியாது என்று எழுத ஆசை. தெரியும்.

வக்கீல் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். நான் அதிகாரியிடம் கேட்டேன். “எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா?”

“இனம் காலியாகும். நாளைக் காலையில முதல்ல வர்றவருக்குப் போகும்.”

எதிரே ஹரீஷ் ஒரு தாளில் வேகமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தான். தலைகீழாகப் பார்த்தாலும் தெரிந்தது, இருபத்திரண்டு. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவில்லை.

“வெள்ளச்சி யாரும்மா? உங்க மேல வழக்கு இல்ல, போகலாம்” என்றார் அதிகாரி. “இனிமே தோண்டறதா இருந்தா உரிமையாளர்கிட்ட அனுமதிச்சீட்டு வாங்கிக்கணும். சொந்தக்காரங்கன்னாலும் சீட்டு வேணும். கருவிக்கு உறவுமுறை தெரியாது.”

“யாருங்க அது, உரிமையாளரு?” என்று சின்னம்மா கேட்டாள். ஜெசிந்தா மேடம்தான் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

வெளியே படிக்கட்டில் வெயில். சின்னம்மா எழுபத்தொன்பது நாளில் பாதியாக இளைத்திருந்தாள். கட்டுப் பிரித்த கை முன்னால் தொங்கியது, வேறு யாருடைய கையையோ தூக்கிவரும் மாதிரி. பைக்குள்ளிருந்து பன்னும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

“அந்தத் தோட்டக்காரரு சொன்னது எந்த வைகாசி?”

“போன வைகாசி.”

இடது கை விரலில் எண்ணினாள். “என்னைப் புடிச்சது தைல.”

“ஆமா, சின்னம்மா. முன்னாடியே சொல்லியிருந்தா அந்தாளு திருத்திருப்பான். முப்பது வருஷம் அவன்கிட்டக் கைகட்டி நிக்கணும். நம்ம பிள்ளைங்களை எல்லாம் புடிச்சுக்கிட்டே இருப்பானுங்க. வேற வழியே இல்ல, நீயே யோசிச்சுப் பாரு...”

“யோசிச்சன்.” நான் நீட்டிய பன்னைக் கையால் ஒதுக்கினாள். “எங்கிட்ட சொல்லியிருந்தீன்னா நானே உள்ள இருந்திருப்பன்டி. ரெண்டு மாசம் என்னா, ரெண்டு வருசம் இருந்திருப்பன். நீ சொல்லவே இல்ல பாரு.”

எனக்குப் பதில் இருந்தது. உனக்குச் சட்டம் புரியாது, வாய் தவறி யாரிடமாவது சொல்லிவிடுவாய் என்பதுதான் அது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. அது யாருடைய குரலில் வந்தது என்று தெரிந்ததும் விழுங்கிவிட்டேன்.

சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “மாசி போயிருச்சு. இனி ஐப்பசிலதான் தோண்டணும். எதுக்கு அதுவரைக்கும் வச்சிக்கிட்டு? சீட்டுன்னாங்களே, அதைக் குடு. கைநாட்டு வச்சிட்டுப் போறன். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அலுவலகத்தில் மைப்பெட்டியோடு கொடுத்த அனுமதிச்சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, மைப்பெட்டியைத் திறந்து படியில் வைத்தேன். அவள் உட்கார்ந்து, வலது கையை மடியில் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முதல் தடவையாக என்னை வாங்க போங்க என்று பேசினாள்.

“இடது கை செல்லுங்களா?”

சட்டத்தில் எந்தக் கை என்று போடவில்லை. செல்லும் என்றேன்.